யாருக்காக இவ்வளவு பெரிய கப்பல்?

#1 கடல்கிளி

அம்மாவுக்கு எழுபது முடிந்துவிட்டது. ஒரு தடவையாவது கப்பலில் போகவேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சரி, இந்த முறை கூட்டிப் போய்விடலாம் என்று விசாரிக்கத் தொடங்கி, இரண்டு வாரமாகக் கப்பல் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். டிக்கெட் மட்டும் இன்னும் எடுக்கவில்லை.

படிக்கப் படிக்க ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. டைட்டானிக் 46,328 டன். சின்ன வயதிலிருந்து 'பெரிய கப்பல்' என்றால் அதுதான். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 டன். ஐந்து டைட்டானிக்! நீளம் 365 மீட்டர், 20 தளங்கள். எல்லாப் படுக்கையும் நிரம்பினால் 7,600 பயணிகள், அதற்கு மேல் 2,350 ஊழியர்கள். அடுத்த ஆண்டே அதே அளவில் ஸ்டார் ஆஃப் தி சீஸ் வந்துவிட்டது. போட்டி நிறுவனமான கார்னிவல் 2,30,000 டன்னில் மூன்று கப்பலுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. 2029, 2031, 2033-இல் வருமாம். நார்வேஜியன் 2030 முதல் 2036 வரை நான்கு, எல்லாமே இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். எம்.எஸ்.சி.யின் வேர்ல்ட் யூரோப்பாவும் வேர்ல்ட் அமெரிக்காவும் ஏற்கெனவே அந்த எல்லையைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதையெல்லாம் யார் கேட்டார்கள்? எனக்குத் தெரிந்து கப்பலில் போய்வந்த யாருமே 'இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம்' என்று சொன்னதில்லை. அப்புறம், இன்னொன்று. இவ்வளவு உயரமாகக் கட்டினால் கவிழாதா? சிறுபிள்ளைக் கேள்விதான், இருந்தாலும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தொட்டிமீன்

எதிர்வீட்டுக்காரன் மாடி எடுத்தால் நாமும் எடுக்கவேண்டும். அவ்வளவுதான் விஷயம். இழையைப் பூட்டிவிடலாம்.

#3 சுக்கான்பிடித்தவன்

தொட்டிமீன் தம்பி, பூட்டவேண்டாம். ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போகிறேன்.

அந்த 2,48,663 என்பது எடை இல்லை. கிராஸ் டன்னேஜ் என்பது கப்பலின் மூடிய பகுதிகள் எவ்வளவு இடம் அடைக்கின்றன என்பதற்கான எண், அதாவது கொள்ளளவுக் கணக்கு. 1969-இல் வந்த சர்வதேச உடன்படிக்கைப்படி ஒரு சூத்திரம் உண்டு. தோராயமாக மூன்று கன மீட்டருக்கு ஒரு டன் என்று வைத்துக்கொள்ளலாம். டைட்டானிக்கின் 46,328-உம் இடக் கணக்குதான் (அளக்கும் முறை அப்போது கொஞ்சம் வேறு). கப்பல் உண்மையில் எவ்வளவு எடை என்பதைத் தள்ளப்படும் தண்ணீரை வைத்துச் சொல்வோம். 2009-இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் இடக் கணக்கில் 2,25,282. எடை சுமார் ஒரு லட்சம் டன்தான். பெரிய அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலும் ஏறக்குறைய அதே எடை. வித்தியாசம் புரிகிறதா? க்ரூஸ் கப்பலின் (உல்லாசப் பயணக் கப்பலின்) பெரும்பகுதி காற்று. அறைகளும் கூடங்களும் நடைபாதைகளும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. எஞ்சின், எரிபொருள் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, கனமான எல்லாம் அடியில். மேலே போகப்போக மெல்லிய தகடு, அலுமினியம். நீச்சல் குளம் மட்டும்தான் மேலே இருக்கும் கனமான சாமான். அதோடு உயரத்துக்கு ஈடாக அகலத்தையும் கூட்டியிருக்கிறார்கள்: ஒயாசிஸ் தண்ணீர் மட்டத்தில் 47 மீட்டர் அகலம். தண்ணீருக்குள் ஒன்பது மீட்டர் சொச்சம், வெளியே 72 மீட்டர். படத்தில் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் மாலுமிக்குக் கவலை கவிழ்வதில் இல்லை, காற்றில். அந்த 72 மீட்டர் சுவர் முழுவதும் பாய்மரம் மாதிரி. பக்கவாட்டுக் காற்றில் துறைமுகத்துக்குள் அதை ஒட்டி நிறுத்துவதுதான் வேலையே.

#4 கணக்கப்பிள்ளை

கடல்கிளி அக்கா, 'யார் கேட்டார்கள்' என்ற கேள்விக்கு என் துறையிலிருந்து ஒரு பதில்.

கப்பல் பெரிதானாலும் கேப்டன் ஒருவர்தான். சுக்கான் அறையில் நிற்கும் ஆட்களின் எண்ணிக்கை பயணிகள் இரட்டிப்பானால் இரட்டிப்பாவதில்லை. எரிபொருளும் அப்படித்தான். ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் உள்ளே இடம் எட்டு மடங்கு, வெளிப்பரப்பு நான்கு மடங்கு. கப்பலை இழுத்துப் பிடிக்கும் தண்ணீர் அந்த வெளிப்பரப்பைத்தான் பிடிக்கிறது. ஆகவே தலைக்கு ஆகும் எரிபொருள் குறைகிறது. ஐகான் கட்ட ஏறக்குறைய 200 கோடி டாலர். அறைக்கு இரண்டு பேர் என்று 5,610 படுக்கை. வகுத்தால் ஒரு படுக்கைக்கு மூன்றரை லட்சம் டாலர் சொச்சம். சிறிய ஆடம்பரக் கப்பல்களில் இது இதைவிட எவ்வளவோ அதிகம்.

ஆனால் செலவுப் பக்கம் பாதிக் கதைதான். வரவுப் பக்கத்தைப் பாருங்கள். 2023-இல் கார்னிவல் குழுமத்தின் மொத்த வருவாய் சுமார் 2,160 கோடி டாலர். அதில் டிக்கெட் 1,410 கோடிக்குக் கொஞ்சம் கீழே. மீதி மூன்றில் ஒரு பங்கு? மது, சூதாட்டக் கூடம், சிறப்பு உணவகம், வைஃபை, கரைச் சுற்றுலா. டிக்கெட் விலையைப் போட்டிக்காகக் குறைத்துவிட்டு ஏறிய பிறகு சம்பாதிக்கிற வியாபாரம் இது. ஏறியவர் செலவு செய்ய நிறையக் கடை வேண்டும், கடைகளுக்கு இடம் வேண்டும், இடத்துக்கு டன்னேஜ் வேண்டும். கேட்டது பயணி இல்லை அக்கா, கணக்குப் புத்தகம்.

#5 நிதானம்

கணக்கப்பிள்ளை சார் சொல்வது எல்லாம் கப்பல் நிரம்பி ஓடும்வரைதான். 'யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்' என்பார்கள். இது அசைந்தாலும் தின்னும், அசையாமல் நின்றாலும் தின்னும்.

பெரிதாக்கினால் தலைக்குச் செலவு குறையும் என்ற இதே கணக்கை வேறு இரண்டு இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டார்கள். 1970-களில் எண்ணெய்க் கப்பல்கள். பிரான்சின் சாந்நசேர் கப்பல் கட்டும் தளத்தில் பத்தியூஸ் வகைக் கப்பல் நான்கு கட்டினார்கள், ஒவ்வொன்றும் ஐந்தரை லட்சம் டன் எண்ணெய் சுமக்கும். கட்டி முடிவதற்குள் எண்ணெய் நெருக்கடி வந்து சந்தை மாறிவிட்டது. நான்கில் மூன்று பத்து வருடத்துக்குள் உடைக்கப்பட்டன. இரண்டாவது ஏர்பஸ் ஏ380. 2007-இல் பயணிகளோடு பறக்க ஆரம்பித்தது, 2021-இல் கடைசி விமானம் கைமாறியதோடு தயாரிப்பு நின்றது. மொத்தம் 251தான். இரண்டிலும் பெரிதாகக் கட்ட முடிந்தது, தொடர்ந்து நிரப்பத்தான் முடியவில்லை.

இன்னொரு தகவல்: ஐகானுக்கு முன்னோடி என்று சொல்லத்தக்க சில கப்பல்களைக் கட்டியதும், இப்போது எம்.எஸ்.சி.யின் வேர்ல்ட் கப்பல்களைக் கட்டுவதும் அதே சாந்நசேர் தளம்தான்.

#6 கணக்கப்பிள்ளை

நிதானம் சார், ஏ380 ஒப்பீடு ஒத்துவராது. விமானத்தில் ஏறுபவர் இறங்கத்தான் ஏறுகிறார். இரண்டு சின்ன விமானம் இரண்டு நேரத்தில் கிளம்பினால் அவருக்கு அதுவே வசதி. க்ரூஸ் பயணி எங்கும் போய்ச் சேரவேண்டியதில்லை. கப்பல்தான் அவர் போகும் இடம்.

இது எப்போது தொடங்கியது என்றால், என் கணக்கில் 1980. க்னூட் க்ளோஸ்டர் என்ற நார்வேக்காரர், அட்லாண்டிக்கைக் கடக்கக் கட்டி வேலையில்லாமல் நின்றிருந்த 'பிரான்ஸ்' என்ற கப்பலை வாங்கி 'நார்வே' என்று பெயர் மாற்றி கரீபியனில் விட்டார். மற்ற க்ரூஸ் கப்பல்களெல்லாம் இருபதாயிரம் டன் சுற்றுவட்டத்தில் இருந்தபோது இது மூன்று மடங்குக்கு மேல். பல தீவுத் துறைமுகங்களில் நுழைய முடியாது. வெளியே நங்கூரமிட்டு, கப்பலே சுமந்துவந்த இரண்டு பெரிய படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்பினார்கள். குறைபாடாகத் தெரிந்ததே லாபமானது: கரைக்குப் போகச் சோம்பல்பட்டு நிறையப் பேர் கப்பலிலேயே இருந்து செலவு செய்தார்கள். போட்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்களா? 1988-இல் ராயல் கரீபியன் 73,000 டன்னில் சாவரின் ஆஃப் தி சீஸ் இறக்கியது. 1996-இல் கார்னிவல் டெஸ்டினி ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1999-இல் வாயேஜர், உள்ளே பனிச்சறுக்குத் தளத்தோடு 1,37,000. 2009-இல் ஒயாசிஸ்.

ஆகவே ஐகானுக்குப் போட்டி இன்னொரு கப்பல் இல்லை. ஆர்லாண்டோவின் கேளிக்கைப் பூங்காவும் லாஸ் வேகாஸும்தான். அவர்களோடு போட்டிபோட அளவு வேண்டும்.

#7 தொட்டிமீன்

அந்த சாவரின் இப்போது எங்கே சார்?

#8 கணக்கப்பிள்ளை

2020-இல் துருக்கியின் அலியாகாவில் உடைத்துவிட்டார்கள். கொரோனாக் காலம். அதன் தங்கை மோனார்க்கும் அதே ஆண்டு அதே கரையில். பழைய, சிறிய கப்பல்களைத்தான் முதலில் கைவிட்டார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும்.

#9 வெண்ணிலா

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் பெரிய கப்பலைத் திட்டுவதற்கே வந்த மாதிரி இருக்கிறது. நான் இரண்டு தடவை போயிருக்கிறேன், இரண்டும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். என்னோடு வந்தவர்கள்: பதினான்கு வயது மகன், ஆறு வயது மகள், மூட்டுவலி மாமியார், சும்மா படுத்துக் கிடக்க விரும்பும் கணவர். இந்த நான்கு பேரையும் ஒரே இடத்தில் ஒரு வாரம் சண்டை இல்லாமல் வைத்திருக்க எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. மகன் காலையில் சறுக்குமரத்துக்குப் போனால் சாப்பாட்டுக்குத்தான் வருவான். மகளுக்குக் குழந்தைகள் கூடம். மாமியார் மரம் செடி நட்ட நடுமுற்றத்தில் உட்கார்ந்து பக்கத்து நாட்டுப் பாட்டியோடு பேச்சு. இரண்டு பேருக்கும் பொதுமொழி கிடையாது, எப்படிப் பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

கூட்டம் என்கிறீர்கள். ஏறும் நாளும் இறங்கும் நாளும் கூட்டம். நடுவில் ஆறாயிரம் பேர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை.

கடல் பார்க்கவில்லையா என்றால், எங்கள் அறை பால்கனி உள்முற்றத்தைப் பார்த்தது. விலை குறைவு என்று நான்தான் எடுத்தேன். கடல் பார்க்க நினைத்தபோது மேலே போய்ப் பார்த்தேன். அதற்காக எனக்கு ரசனை இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம்.

#10 நிதானம்

வெண்ணிலா, உங்கள் ரசனையைச் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு ஏ380 ஒப்பீட்டைப் பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நிரப்ப ஆள் இருக்கிறது. 2019-இல் உலகம் முழுக்க 2.97 கோடி பேர் க்ரூஸ் போனார்கள், 2024-இல் 3.46 கோடி. மூன்று தலைமுறை சேர்ந்து போகும் குடும்பத்துக்கு இது சரியான சரக்குதான்.

ஆனால் இன்று பயணி இருப்பதற்கும் 2036-க்கு இன்றே ஆர்டர் கொடுப்பதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. அத்தனை வருடம் கழித்து யார், எந்த விலைக்கு, எங்கே போவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒயாசிஸுக்கு 2006 பிப்ரவரியில் ஆர்டர் போட்டார்கள், உலகம் செழிப்பாக இருந்தது. கையில் வந்தது 2009-இல், நிதி நெருக்கடி நடுவில். தப்பித்தார்கள். எல்லாரும் தப்பிப்பதில்லை.

அப்படியானால் ஏன் இவ்வளவு முன்னதாக?

#11 ஆறாம்தளம்

நடுவில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். நான் ஏழு வருடம் கப்பலில் வேலை பார்த்தவன், உணவகப் பக்கம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

வெண்ணிலா அக்கா 'ஆறாயிரம் பேர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை' என்றார்களே, அதற்குப் பின்னால் எங்கள் முதுகு இருக்கிறது. பயணிகள் பார்க்காத ஒரு நீள நடைபாதை கீழ்த்தளத்தில் முன்னிருந்து பின்வரை ஓடும். ஊழியர்கள் அதை ஐ-95 என்பார்கள், அமெரிக்க நெடுஞ்சாலைப் பெயர். ஃபோர்க்லிஃப்ட், குப்பை வண்டி, துணி மூட்டை, சமையல் தட்டு, ஓடும் ஆட்கள், எல்லாம் அதில். சின்னக் கப்பலில் என் அறையிலிருந்து வேலை இடத்துக்கு நாலு நிமிடம். பெரிய கப்பலுக்கு மாறியதும் லிப்டுக்குக் காத்திருப்பது சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட், போக வர ஆறு தடவை. இது சம்பளத்தில் வராத நேரம்.

கப்பல் திரும்பும் நாள்தான் உச்சம். காலையில் ஆறாயிரம் பேர் இறங்கவேண்டும், மாலைக்குள் இன்னொரு ஆறாயிரம் ஏறவேண்டும். நடுவில் எல்லாப் படுக்கைக்கும் விரிப்பு மாற்றி, ஒரு வாரச் சரக்கு ஏற்றி, கழிவை இறக்கி... மழை வந்து ஒரு மணி நேரம் பிந்தினால் அன்று யாரும் சாப்பிட மாட்டோம்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். புதிய பெரிய கப்பலில் ஊழியர் அறை நன்றாக இருந்தது. பழைய கப்பலில் நாலு பேருக்கு ஒரு குளியலறை. இதில் இரண்டு பேருக்கு ஒன்று. அதற்காகவே திரும்பப் போகிறவர்கள் உண்டு.

#12 கடல்கிளி

ஆறாம்தளம் தம்பி, எழுதியதற்கு நன்றி. இதெல்லாம் விளம்பரத்தில் வராது.

நிதானம் சார், கேள்வியைப் போட்டுவிட்டுப் போய்விட்டீர்களே. ஏன் இவ்வளவு முன்னதாக?

#13 நிதானம்

வந்துவிட்டேன். இது கொஞ்சம் நீளும்.

கப்பல் வேண்டும் என்றால் கடையில் போய் வாங்க முடியாது. இந்த அளவு க்ரூஸ் கப்பல் கட்டத் தெரிந்த இடங்கள் உலகத்தில் ஒரு கை விரலுக்குள். இத்தாலியில் ஃபின்கான்டியேரி (பெரியவை மோன்ஃபல்கோனே தளத்தில்). பிரான்சில் சாந்நசேர். மேயர் பெயரில் ஜெர்மனியின் பாப்பன்பூர்கும் பின்லாந்தின் துர்க்குவும். ஐகான் வரிசை துர்க்குவில்தான் பிறக்கிறது. எண்ணெய்க் கப்பலும் சரக்குப் பெட்டகக் கப்பலும் மலைபோல் கட்டித் தள்ளும் ஆசிய நாடுகள் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். முயன்றார்கள். ஜப்பானின் மிட்சுபிஷி நாகசாகியில் ஐடா நிறுவனத்துக்கு இரண்டு கப்பல் கட்ட ஒப்புக்கொண்டது. கட்டும்போதே தீ விபத்துகள், மாற்றத்துக்கு மேல் மாற்றம், ஏகத் தாமதம். 2016-இல் பெருநஷ்டத்தோடு பெரிய க்ரூஸ் கப்பலே வேண்டாம் என்று விலகிவிட்டது. வெளிக்கூடு கட்டுவது எளிது. ஆயிரக்கணக்கான அறை, நூற்றுக்கணக்கான துணை ஒப்பந்தக்காரர், ஒரு ஊருக்கு வேண்டிய குழாயும் கம்பியும், அதுதான் கடினம். சீனா 2023 கடைசியில் 1,35,500 டன்னில் அடோரா மேஜிக் சிட்டியை முடித்தது, அதிலும் இத்தாலியரின் தொழில்நுட்பத் துணை உண்டு.

ஆக, விற்பவர் மூன்று குழு. வாங்குபவர் பெரிய அளவில் நான்கு: கார்னிவல், ராயல் கரீபியன், நார்வேஜியன், எம்.எஸ்.சி. ஒரு பெரிய உலர்துறை (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பல் கட்டும் பெரும் பள்ளம்) வருடத்துக்கு ஒன்றிரண்டு பெரிய கப்பலைத்தான் வெளியே விடும். நீங்கள் 2033-ஆம் வருட இடத்தைப் பிடிக்கவில்லை என்றால் எதிராளி பிடித்துவிடுவார். பிறகு பணம் இருந்தும் கப்பல் கிடைக்காது. என் எண்ணத்தில் பெரிய கப்பல் ஆர்டர்களில் பாதி இந்தப் பயம்தான். பயணியைப் பிடிப்பதற்கு முன்னால் கட்டும் இடத்தைப் பிடிக்கும் போட்டி. வருடத்துக்கு ஒரே இடம்தான் கிடைக்கும் என்றால் அதில் எதைக் கட்டுவீர்கள்? மூவாயிரம் பேர் கப்பலையா, ஆறாயிரம் பேர் கப்பலையா? அளவு அங்கேயே முடிவாகிவிடுகிறது.

இடம் கிடைக்காதவன் என்ன ஆவான் என்பதற்கு கென்டிங் ஹாங்காங் ஓர் உதாரணம். ஐரோப்பியத் தளங்களில் வரிசை நீளம் என்று 2016-இல் ஜெர்மனியில் விஸ்மார், வார்னமுண்டே, ஸ்ட்ரால்சுண்ட் மூன்று தளங்களையும் தானே வாங்கியது. உலகிலேயே அதிகம் பேர் ஏறும் கப்பல், 9,000-க்கு மேல், என்று குளோபல் ட்ரீமைத் தொடங்கியது. கொரோனா வந்தது. 2022 ஜனவரியில் தளமும் திவால், கம்பெனியும் திவால். முக்கால்வாசி கட்டிய கூடு விஸ்மாரில் நின்றது. அதை டிஸ்னி வாங்கி, டிஸ்னி அட்வென்ச்சர் என்று பெயர் மாற்றி, சிங்கப்பூரைத் தளமாக்கியது.

ஆர்டர் நிரம்பிய தளமாவது கொழிக்கிறதா? இல்லை. 1795-இல் தொடங்கிய மேயர் வெர்ஃப்ட்டை 2024-இல் ஜெர்மன் அரசும் லோயர் சாக்சனி மாநிலமும் சேர்ந்து 40 கோடி யூரோ போட்டு, ஏறக்குறைய 80 விழுக்காடு பங்கை எடுத்துக் காப்பாற்றின. கையில் வேலை ஏராளம். ஆனால் கொரோனாவுக்கு முன் பேசிய விலை, பிறகு ஏறிய இரும்பு விலை. அதோடு ஒப்பந்தத் தொகையில் 80 விழுக்காடு கப்பலை ஒப்படைக்கும்போதுதான் வரும். அதுவரை தளம்தான் கடன் வாங்கிக் கட்டவேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. வாங்குபவரின் கடனுக்கு இத்தாலி, பிரான்ஸ், பின்லாந்து, ஜெர்மனி அரசுகளின் ஏற்றுமதிக் கடன் நிறுவனங்கள் உத்தரவாதம் தருகின்றன, கப்பல் விலையில் 80 விழுக்காடு வரை. தளத்தில் வேலை போகக்கூடாது என்பதற்காக. மலிவான கடன், குறைந்த முன்பணம். 2036-க்கு ஆர்டர் போட யாருக்குத்தான் கை வராது?

#14 சுக்கான்பிடித்தவன்

நிதானம் சார், அருமை. பாப்பன்பூர்க் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். அந்தத் தளம் கடலோரத்தில் இல்லை, எம்ஸ் ஆற்றங்கரையில் உள்நாட்டில் இருக்கிறது. கட்டி முடித்த கப்பலைப் பின்பக்கம் முன்னால் வைத்து ஆற்றில் மெதுவாக இழுத்துக்கொண்டு போவார்கள். ஆற்றில் தண்ணீர் போதாது என்று கீழே ஒரு தடுப்பணை கட்டி மட்டத்தை உயர்த்துகிறார்கள். இரு கரையிலும் ஜனங்கள் திருவிழா மாதிரி வேடிக்கை பார்க்க நிற்பார்கள். ஆற்றுக்கு ஏற்ற கப்பல் என்பது போய்க் கப்பலுக்கு ஏற்ற ஆறு.

ஒயாசிஸ் பால்டிக் கடலிலிருந்து வெளியே வந்ததும் இப்படித்தான். டென்மார்க்கின் ஸ்டோர்பெல்ட் பாலத்தின் அடியில் 65 மீட்டர் இடம், கப்பல் 72. புகைபோக்கியை உள்ளே இழுக்கும்படி வடிவமைத்திருந்தார்கள். வேகமாகப் போனால் கப்பல் தண்ணீரில் சற்று அமிழும், அதையும் பயன்படுத்தி ஒரு மீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் தாண்டினார்கள். பனாமா கால்வாயில் அந்த வித்தையும் செல்லாது. 2016-இல் பெரிய மதகு திறந்தாலும் பசிபிக் பக்கம் இருக்கும் பாலம் 61 மீட்டர் சொச்சம்தான்.

#15 வெண்ணிலா

சுக்கான் அண்ணா, ஒன்று கேட்கவேண்டும். அத்தனை பேரை அவசரத்தில் இறக்க முடியுமா? பிள்ளைகளோடு போகும்போது இதுதான் மனதில் வரும், ஆனால் யாரிடமும் கேட்டதில்லை.

#16 சுக்கான்பிடித்தவன்

நேர்மையாகச் சொல்கிறேன் தங்கச்சி. விதிப்படி முடியும். எல்லாரும் கூடிய பிறகு, கப்பலைக் கைவிடும் உத்தரவிலிருந்து 30 நிமிடத்துக்குள் அத்தனை படகும் இறங்கவேண்டும் என்பது சர்வதேச விதி. உயிர்காப்புப் படகுக்கு 150 பேர் என்பது பழைய வரம்பு. ஒயாசிஸுக்காகத் தனி அனுமதியோடு 370 பேர் படகு செய்தார்கள், அப்படி 18. மீதிப் பேருக்குச் சறுக்குக் குழாயும் மிதவையும்.

ஆனால் எங்கள் தொழிலில் இப்போது சொல்வது, கப்பலே சிறந்த உயிர்காப்புப் படகு. 2010 ஜூலைக்குப் பிறகு கட்டும் பெரிய பயணிக் கப்பல்கள், ஒரு பகுதியில் தீயோ வெள்ளமோ வந்தாலும் தானே துறைமுகம் திரும்பும்படி இருக்கவேண்டும். இரண்டு எஞ்சின் அறை, இரட்டைக் குழாய், இரட்டைக் கம்பி. இந்த விஷயத்தில் புதிய பெரிய கப்பல் பழைய சின்னதைவிடப் பாதுகாப்பு என்றே சொல்வேன். 2012-இல் ஜிக்லியோ தீவில் கோஸ்டா கான்கார்டியா சாய்ந்து 32 பேர் இறந்ததற்குக் காரணம் அளவு இல்லை. கரைக்கு அருகே கொண்டுபோனதும், கைவிடும் உத்தரவைத் தாமதித்ததும்.

மனம் ஆறாத இடம் ஒன்று. 2019 மார்ச்சில் நார்வே கரையோரம் வைக்கிங் ஸ்கை புயலில் எஞ்சின் நின்றுபோய்ப் பாறைப் பக்கம் ஒதுங்கியது. உயவெண்ணெய் மட்டம் குறைந்திருந்தது, ஆட்டத்தில் பம்பு காற்றை இழுத்தது. மொத்தம் 1,373 பேர். அலையில் படகு இறக்க முடியாது. ஹெலிகாப்டர்கள் இரவெல்லாம் தூக்கியும் 479 பேரைத்தான் எடுக்க முடிந்தது. எஞ்சின் திரும்பக் கிடைத்ததால் பிழைத்தார்கள். அதே இடத்தில் எட்டாயிரம் பேர் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். நல்லவேளை, அவ்வளவு பெரிய கப்பல்கள் அந்தப் பக்கக் குளிர்காலக் கடலுக்குப் போவதில்லை.

#17 மணல்திட்டு

யாரும் துறைமுக ஊர்க்காரர்களைப் பற்றிப் பேசவில்லையே? வெனிஸில் 2019 ஜூனில் எம்.எஸ்.சி. ஓபரா கால்வாயில் கரையையும் ஒரு படகையும் மோதியது. 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கு ஜூதெக்கா கால்வாயில் தடை. ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் ஜனங்கள் 2020-இல் வாக்களித்து, நாளைக்கு 1,300 பேருக்கு மேல் இறங்கக்கூடாது என்றார்கள். மறுவருடம் மாநிலமே சட்டம் போட்டு அதை ரத்து செய்தது. அலாஸ்காவின் ஜூனோவில் மொத்த ஜனத்தொகையே முப்பதாயிரம் சொச்சம். அங்கே நாளைக்கு ஐந்து பெரிய கப்பலுக்கு மேல் வரக்கூடாது என்று ஒப்பந்தம்.

கம்பெனிகள் இதற்குக் கண்டுபிடித்த மருந்து சொந்தத் தீவு. நார்வேஜியன் 1977-லேயே பஹாமாஸில் ஒரு தீவை வைத்துக்கொண்டது. ராயல் கரீபியன் 2019-இல் கோகோகே என்ற தன் பஹாமாஸ் தீவில் 25 கோடி டாலர் கொட்டியது. ஊர்க்காரன் இல்லாத ஊர், எதிர்ப்பும் இல்லை. கரையில் செலவாகும் காசும் கம்பெனிக்கே. கணக்கப்பிள்ளை சார் சொன்ன அந்த 'நார்வே' கப்பல் தந்திரம், இப்போது தீவு அளவுக்கு.

#18 தொட்டிமீன்

சுற்றுச்சூழல்?

#19 கணக்கப்பிள்ளை

தலைக்கு எரிபொருள் குறைவு, மொத்தத்தில் அதிகம். ஐகான் எல்.என்.ஜி.யில் (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவில்) ஓடுகிறது. கந்தகமும் புகைக்கரியும் ஏறக்குறைய இல்லை. ஆனால் இந்த வகை எஞ்சினில் எரியாத மீத்தேன் கொஞ்சம் தப்பும். ஐரோப்பிய ஒன்றியம் தன் கணக்கில் 3.1 விழுக்காடு என்று எடுத்துக்கொள்கிறது. இருபது வருடக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு சூடாக்கும். ஆகவே 'பசுமைக் கப்பல்' என்ற விளம்பரத்தை நான் வாங்கமாட்டேன்.

#20 நிதானம்

இதையும் சேர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருபக்கமாகிவிடும். வைக்கிங் நிறுவனம் 2015-இலிருந்து ஐம்பதாயிரம் டன் சுற்றுவட்டத்தில், ஆயிரத்துக்குள் பயணி என்று ஏறக்குறைய ஒரே அச்சில் கப்பல் மேல் கப்பலாக இறக்குகிறது. பிள்ளைகள் கிடையாது, சூதாட்டம் கிடையாது. அதுவும் நன்றாக ஓடுகிறது. புதிதாகக் கட்டுவதில் மெலிந்துபோவது நடுவில் இருக்கும் 80,000, 90,000 டன் கப்பல்கள்தான். இருப்பவை வயதாகிக்கொண்டே போகின்றன.

#21 கடல்கிளி

எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் ஐகான் படம் காட்டினேன். 'சாப்பிடப் போக எவ்வளவு தூரம் நடக்கணும்?' என்றார். நிதானம் சார் சொன்ன அந்த மெலிந்துபோகும் ரகத்தில் ஒன்றைத்தான் பார்த்து வைத்திருக்கிறேன், 90,000 டன், இருபது வயது. ஆறாம்தளம் தம்பி, எந்த இடத்தில் அறை எடுக்கலாம்?

#22 ஆறாம்தளம்

கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம் அக்கா. ஆட்டம் அங்கேதான் குறைவு. லிப்ட் பக்கம் எடுங்கள், ஆனால் லிப்டை ஒட்டி வேண்டாம், இரவெல்லாம் பேச்சுச் சத்தம். தலைக்கு மேலே நீச்சல் குளத் தளமோ சமையலறையோ இருக்கக்கூடாது. விடியற்காலை நாலரைக்கே நாற்காலி இழுக்க ஆரம்பித்துவிடுவோம்.

#23 கடல்கிளி

எட்டாம் தளத்தில் ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் தளம் முழுக்க அறைகள்தான் என்று வரைபடம் காட்டுகிறது.

#24 ஆறாம்தளம்

அப்படியென்றால் எடுத்துவிடுங்கள். அம்மாவுக்குக் குளியலறைப் படி உயரமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய கப்பலில் அது தடுக்கும்.